‘மாஃப்’ வந்தால் கோபுரம் போய்விடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் அறிவிக்கப்பட்டதிலிருந்து, உலோக–கரிமக் கூடுகள் பற்றித் தமிழ் நாளிதழ்களில் நிறைய வருகிறது. உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்துக் கட்டிய, நுண்துளைகள் நிறைந்த பொடிகள் இவை; துறையில் புழங்கும் சுருக்கப் பெயர் ‘மாஃப்’. இவ்வளவு எழுதப்படுவதில் மகிழ்ச்சிதான். ஆனால் உங்கள் இதழில் வந்த கட்டுரை, பெட்ரோகெமிக்கல் ஆலைகளின் காய்ச்சி வடிக்கும் கோபுரங்களுக்கு இனி வேலையில்லை, பிளாஸ்டிக்கின் மூலப்பொருள்களான எத்திலீனையும் புரொப்பிலீனையும் இந்தப் பொடியே பிரித்துக் கொடுத்துவிடும் என்ற தொனியில் முடிந்திருந்தது. பொடி பிடிக்கும், அதில் ஐயமில்லை. பிடித்ததைத் தூய்மையாகத் திருப்பிக் கொடுக்குமா, அதையும் ஆண்டுக்கணக்கில் செய்யுமா என்ற பக்கம் கட்டுரை போகவே இல்லை. ஆலைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

கோபுரம் ஏன் அவ்வளவு உயரம் என்பதிலிருந்து தொடங்கலாம். எத்திலீன் கொதிப்பது மைனஸ் 103.7 டிகிரியில், அதோடு கலந்து வரும் ஈத்தேன் மைனஸ் 88.6இல். இடைவெளி 15 டிகிரி. புரொப்பிலீனும் புரொப்பேனும் இன்னும் மோசம்: மைனஸ் 47.6, மைனஸ் 42.1. இந்த ஐந்தரை டிகிரியை வைத்துக்கொண்டு 99.5 சதவீதத் தூய்மையை எட்ட, ஒன்றன்மேல் ஒன்றாக நூற்றைம்பது, இருநூறு தட்டுகள் வேண்டும். உச்சிக்கு வந்த புரொப்பிலீனில் ஒரு பங்கை வெளியே எடுத்தால், பத்துப் பங்குக்கு மேல் திரும்பக் கோபுரத்துக்குள் ஊற்ற வேண்டும். எத்திலீன், புரொப்பிலீன் தூய்மைப்படுத்தலுக்கு மட்டும் உலகம் செலவிடும் மொத்த ஆற்றலில் 0.3 சதவீதம் போகிறது என்று அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷால், லைவ்லி இருவரும் 2016இல் மதிப்பிட்டார்கள். ஆகவே மாற்று தேடுவது வீண் வேலை அல்ல.

மாற்றுப் பொருள் எதைப் பிடித்துக்கொண்டு பிரிப்பது? அளவை நம்பினால், எத்திலீன் மூலக்கூறு சுமார் 4.2 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), ஈத்தேன் 4.4. ஒரே முறத்தில் பொன்னியையும் சோனாவையும் புடைத்துப் பிரிக்கச் சொன்ன கதை. அளவை விட்டால் எத்திலீனில் இருக்கும் இரட்டைப் பிணைப்பு மிஞ்சுகிறது. அதன் எலெக்ட்ரான் முகில், காலியான இடம் உள்ள உலோக அயனியைக் கண்டால் சாய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஈத்தேனுக்கு அந்த முகில் இல்லை. வெள்ளி, செம்பு உப்புகளை வைத்து இதை ஆலைகளில் செய்துபார்த்தது பழைய கதை. ஹைட்ரஜன் பட்டால் வெள்ளி அயனி வெறும் வெள்ளியாகிவிடும், ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டால் கறுத்துப்போகும். அதோடு அந்தக் கதை முடிந்தது.

மாஃப் இங்கே கொண்டுவந்தது உண்மையான புதுமை. இரும்பு மாஃப்-74 என்ற கூட்டை எடுத்துக்கொள்வோம். தயாரிப்பின்போது உள்ளே தங்கிய கரைப்பானை வெப்பமும் வெற்றிடமும் வைத்து வெளியேற்றியதும், ஒவ்வொரு இரும்பு அயனிக்கும் ஆறில் ஓர் இடம் காலியாகிறது. ஒரு கிலோ கூட்டில் இப்படி 6.5 மோல் காலியிடங்கள். 2012இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜெஃப்ரி லாங் குழு 45 டிகிரியில் இதன் வழியாக எத்திலீனும் ஈத்தேனும், புரொப்பிலீனும் புரொப்பேனும் கலந்த வாயுக்களைச் செலுத்திப் பிரித்துக் காட்டியது. மைனஸ் கணக்கில் குளிரூட்டாமலே நடந்த பிரிப்பு அது.

அதே கூட்டில் காற்று பட்டால்? இரும்பு அயனியின் மின்னேற்றம் இரண்டிலிருந்து மூன்றாகிவிடும், பொருள் போச்சு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கட்டுப்பாட்டோடு ஆக்சிஜனை மட்டும் காட்டி அந்தக் காலியிடங்களில் பெராக்சைடை உட்கார வைத்தால், கூடு கட்சி மாறிவிடுகிறது. எத்திலீனை விட்டு ஈத்தேனைப் பிடிக்கத் தொடங்குகிறது. 2018இல் வந்த முடிவு இது. ஆய்வுக்கூட வினோதமாகத் தெரியும். ஆலைக்காரருக்கு இதுதான் பெரிய செய்தி. காரணம் பின்னால் வருகிறது.

வாசலை அளவாக வைத்து ஒன்றை மட்டும் உள்ளே விடுவது இன்னொரு வழி. சவூதி அரேபியாவின் கிங் அப்துல்லா பல்கலைக்கழகத்தில் 2016இல் வந்த காஸ்ட்-7, நிக்கலும் பைரசீனும் நியோபியம் ஆக்சிஃபுளோரைடும் சேர்ந்தது. புரொப்பேனை உள்ளே விடுவதே இல்லை. ஆனால் அதைச் செய்ய நியோபியம் ஆக்சைடை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். டன் கணக்கில் செய்ய நினைப்பவர் அந்த அமிலத்தைக் கையாளும் கொட்டகையைத்தான் முதலில் வரைய வேண்டியிருக்கும். கால்சியம் ஸ்குவாரேட்டால் ஆன யுடிஎஸ்ஏ-280 எத்திலீனுக்கு வழிவிட்டு ஈத்தேனை நிறுத்தும். அறை வெப்பநிலையில், தண்ணீரிலேயே தயாராகும். எங்களைக் கேட்டால், பெயர் பெற்ற பலவற்றைவிட இதற்கே அதிக கவனம் கிடைத்திருக்க வேண்டும்.

‘ஓரிரு கிராமில் கால்பந்து மைதானம்’ என்ற உவமையை எல்லோரும் எழுதுகிறார்கள். ஹைட்ரஜனை அடைத்து வைக்க அந்தப் பரப்பளவு பயன்படலாம். ஹைட்ரோகார்பன் பிரிப்பில் அது பெரும்பாலும் பேச வேண்டாத எண். வாசலால் பிரிக்கும் காஸ்ட்-7இன் பரப்பு கிராமுக்குச் சில நூறு சதுர மீட்டர்தான்.

இப்போது கட்டுரை விட்டுவிட்ட பக்கத்துக்கு வருவோம். புரொப்பிலீனைப் பிடிக்கும் பொருள் என்றால், முதலில் வெளியே வருவது புரொப்பேன். நமக்கு வேண்டியது, பொடியைக் குருணையாக்கி நிரப்பிய படுகைக்குள் ஒட்டிக்கிடக்கிறது. அழுத்தத்தைக் குறைத்தோ சூடாக்கியோ அதை எடுக்கும்போது, குருணைகளுக்கு இடையே தங்கிய வாயுவும் கூடவே வரும். ஒரு கன மீட்டர் படுகையில் 600 கிலோ குருணை, கிலோவுக்கு 2 மோல் புரொப்பிலீன் என்று வைத்துக்கொள்வோம்: 1,200 மோல். குருணைகளின் இடைவெளியும் உள்ளே இருக்கும் பெரிய துளைகளும் சேர்ந்து 0.6 கன மீட்டர். பாதிக்குப் பாதி கலந்த வாயுவை 5 பாரில் (ஒரு பார் ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) செலுத்தினால், அந்த இடைவெளியில் 120 மோல் தங்கும். அதில் 60 மோல் புரொப்பேன். ஆக, பொருள் ஒரு மூலக்கூறு புரொப்பேனைக்கூடத் தொடவில்லை என்றே வைத்தாலும், வெளியே வரும் சரக்கின் தூய்மை ஏறக்குறைய 95.5 சதவீதம். 1 பாரில் செலுத்தினால் 99. பிளாஸ்டிக் செய்ய வேண்டிய பாலிமர் தரத்துக்கு 99.5 வேண்டும். ஆகவே பிடித்து முடிந்ததும், தயாரித்த புரொப்பிலீனில் ஒரு பகுதியையே திரும்ப உள்ளே விட்டு இடைவெளியைக் கழுவ வேண்டும். கையில் வந்ததில் ஒரு பங்கு இப்படிச் சுற்றிலேயே கிடக்கும். ஒன்றைவிட மற்றொன்றை எத்தனை மடங்கு விரும்பிப் பிடிக்கிறது என்பதை ‘தேர்வுத்திறன் 100’, ‘தேர்வுத்திறன் 1,000’ என்று சொல்லிக் கட்டுரைகள் போட்டி போடுவதற்கும் இந்த இழப்புக்கும் தொடர்பே இல்லை.

ஈத்தேனைப் பிடிக்கும் கூடு பெரிய செய்தி என்றது இதனால்தான். அங்கே எத்திலீன் ஒட்டுவது குறைவு. படுகையின் மறுமுனையில் முதலில் தூய்மையாக வந்துவிடும். எத்திலீனைக் கழுவி எடுக்கும் வேலை இல்லை. எத்திலீன் தயாரிக்கும் உலையான கிராக்கரிலிருந்து வரும் வாயுவில் ஈத்தேனைவிட எத்திலீனே அதிகம் என்பதால், குறைவாக இருப்பதைப் பிடிப்பது படுகைக்கும் லாபம்.

அடுத்தது சூடு. வாயு ஒட்டும்போது வெப்பம் வெளிவரும். காலியிடமுள்ள உலோகத்தில் புரொப்பிலீன் ஒட்டினால் மோலுக்குச் சுமார் 50 கிலோஜூல். கிலோவுக்கு 2 மோல் என்றால் 100 கிலோஜூல். குருணையின் வெப்பக் கொள்ளளவு கிலோவுக்கு, டிகிரிக்கு ஏறக்குறைய 1 கிலோஜூல். வெப்பம் வெளியேற வழியில்லை என்றால் படுகை 100 டிகிரி ஏறும். ஒரு பகுதியை வாயு எடுத்துக்கொண்டு போகும், சரி. பாதி ஏறினாலும் போதும், பிடிக்கும் அளவு சரிந்துவிடும். விடுவிக்கும்போது தலைகீழ்: படுகை குளிர்ந்து, விட வேண்டியதை விடாமல் வைத்துக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் 1 கிராம் பொருளை மெல்லிய குழாயில் வைத்துப் பார்ப்பவருக்கு இது கண்ணில் படாது, ஏனென்றால் சூடு குழாய்ச் சுவர் வழியாகவே போய்விடும். மூன்று மீட்டர் விட்டமுள்ள பாத்திரத்தின் நடுவில் இருக்கும் குருணைக்குச் சுவர் ஒன்றரை மீட்டர் தள்ளி.

விடுவிக்க 0.1 பார் வரை வெற்றிட பம்ப் உறிஞ்ச வேண்டும் என்றால், அந்த வாயுவை மறுபடி 20 பாருக்கு அழுத்தும் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். உச்சி ஆவியை அழுத்தி, அடியைச் சூடாக்க அதையே பயன்படுத்தும் ஹீட் பம்ப் ஏற்பாடு புரொப்பிலீன் கோபுரங்களில் ஏற்கெனவே பரவலாக உண்டு. ஸ்டீமில் ஓடும் பழைய கோபுரத்தோடு மாஃபை ஒப்பிட்டு ‘ஆற்றல் இவ்வளவு மிச்சம்’ என்று சொல்வது, மோட்டார் பைக்கில் போய் சைக்கிளோடு பந்தயம் ஜெயித்த கதை.

ஈரம், கந்தகம், டையீன் (இரண்டு இரட்டைப் பிணைப்புள்ள ஹைட்ரோகார்பன்), கார்பன் மோனாக்சைடு நான்கும் திறந்த உலோகத்துக்கு எதிரிகள். ஆலை வாயுவில் இவை மில்லியனுக்குச் சில பங்குதான் இருக்கும். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் சுற்றுகள். ஒரு சுற்றில் ஒட்டி இறங்காமல் நிற்பது எவ்வளவு சிறிதாக இருந்தாலும் சேர்ந்துகொண்டே போகும். செம்பும் டிரைமெசிக் அமிலமும் சேர்ந்த எச்கஸ்ட்-1இல் ஈரத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஈரம் இருந்தால் வெளிர்நீலம். 150 டிகிரியில் வெற்றிடத்தில் வைத்து நீர் போனதும் கருநீலம், ஊதா. டப்பாவைத் திறந்து வைத்தால் சற்று நேரத்தில் மறுபடி வெளிறும். அந்த அளவில் மீட்டுவிடலாம். ஈரத்தில் நாட்கணக்கில் விட்டால் கூடே உடையும். இதே எச்கஸ்ட்-1, 1999இல் ஹாங்காங்கிலிருந்து முதன்முதலில் வெளிவந்தபோது சொல்லப்பட்ட பரப்பு கிராமுக்கு 700 சதுர மீட்டருக்கும் சற்றுக் குறைவு. பின்னால் நன்றாகக் கழுவி உலர்த்திய மாதிரிகள் 1,500ஐத் தாண்டின. கூடு மாறவில்லை, உள்ளே கிடந்த குப்பைதான் போனது.

ஆலைகளில் பழகிய நுண்துளைக் கனிமமான ஜியோலைட்டுக்கு இருக்கும் ஒரு வசதி மாஃபுக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எத்திலீன், புரொப்பிலீன் போன்ற ஓலிஃபின்கள் அமிலத்தன்மை உள்ள இடங்களில் ஒன்றோடொன்று சேர்ந்து பிசினாகி, சூட்டில் கரியாகும். அந்த அமிலத்தன்மை பல நேரம் குருணையைப் பிடித்து நிறுத்தும் களிமண் பைண்டரிலிருந்தே வரும். ஜியோலைட் படுகை என்றால் 500 டிகிரிப் பக்கம் காற்றை விட்டுக் கரியை எரித்துவிட்டு மறுபடி வேலைக்கு விடலாம். மாஃபில் கரிமப் பகுதியே எரிபொருள். எச்கஸ்ட்-1 சுமார் 300 டிகிரியிலேயே சிதையும். கரி பிடித்தால் கொட்டிவிட்டுப் புதிது நிரப்ப வேண்டியதுதான். மணலியில் மண்ணெண்ணெயிலிருந்து நேர்ச்சங்கிலி பாரஃபினைப் பிரித்து, சோப்புத்தூளுக்கு வேண்டிய லாப் (லீனியர் ஆல்கைல் பென்சீன்) தயாரிக்கிறார்கள். அந்தப் பிரிப்பு ஜியோலைட் சல்லடையில் நடக்கிறது: நேர்ச்சங்கிலி உள்ளே போகும், கிளைவிட்டது வெளியே நிற்கும். ஏ வகை ஜியோலைட் சந்தைக்கு வந்தது 1954இல். எழுபது ஆண்டு அனுபவத்தோடுதான் மாஃப் போட்டி போட வேண்டும்.

குருணையாக்குவதும் லேசுப்பட்டதல்ல. பொடியாகவே நிரப்பினால் வாயு போகாது, அழுத்தம் எகிறும். மாத்திரை போல இறுக்கி அழுத்தினால் கூடு நொறுங்கிப் பரப்பு குறையும். லேசாக அழுத்தினால் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் அழுத்தத்தில் உரசித் தூள் கிளம்பி வால்வில் போய் உட்காரும். பாலிவைனைல் பியூட்டிரால் போன்ற பைண்டரைச் சில சதவீதம் சேர்த்துப் பிசைந்து, 1 முதல் 3 மில்லிமீட்டர் கம்பியாகப் பிழிந்து உலர்த்துவது ஒரு நடுவழி. பைண்டர் கூடினால் துளைவாய் அடைபடும். ஆய்வுக் கட்டுரையில் வரும் எண் பொடிக்குரியது. பைண்டர் சேர்ந்த குருணைக்குக் கிலோ கணக்கில் அதைவிடக் குறைவாகத்தான் வரும்.

நம் கல்லூரிகளில் இந்தப் பொருள்களைச் செய்யும் மாணவர்கள் பலர். தனித்தனி வாயுவுக்குச் சமவெப்பக்கோடு (ஒரே வெப்பநிலையில் அழுத்தத்துக்கு ஏற்பப் பிடிக்கும் அளவு) எடுத்து, அதிலிருந்து தேர்வுத்திறனைக் கணக்கிட்டு நிறுத்திவிடுகிறார்கள். கலவையை ஓட்டிப் பார்க்கப் பெரிய செலவில்லை. 4 முதல் 6 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஸ்டீல் குழாயில் 2 கிராம் குருணை, இருமுனையிலும் குவார்ட்ஸ் பஞ்சு. கூட்டுக்கு ஏற்ற வெப்பநிலையில் ஹீலியம் ஓட்டத்தில் இரவு முழுக்க உலர்த்த வேண்டும். குழாயின் வெற்று இடத்தைத் தனியே அளந்து வைத்துக்கொண்டு, எத்திலீனும் ஈத்தேனும் பாதிக்குப் பாதி கலந்த வாயுவை நிமிடத்துக்கு 5 மில்லிலிட்டர் விட வேண்டும். கிலோவுக்கு 2 மோல் எத்திலீன் பிடிக்கும் பொருள் என்றால், மறுமுனையில் எத்திலீன் தலைகாட்ட 40 நிமிடத்தை ஒட்டி ஆக வேண்டும். கால் மணியில் வந்துவிட்டால் மூன்றில் ஒன்று: துளைக்குள் தயாரிப்புக் கரைப்பானான டைமெத்தில்ஃபார்மமைடு மிச்சம் இருக்கிறது, வாயு சுவரோரமாக ஓடிவிடுகிறது, அல்லது மூலக்கூறு உள்ளே போக நேரம் எடுக்கிறது. முதலாவதை அகச்சிவப்பு நிறமாலையில் 1,660க்குப் பக்கத்துக் கோடு காட்டிக்கொடுக்கும். அதற்குத் தீர்வு, மெத்தனாலில் ஊறவைத்து நாளுக்கு மூன்று முறை வடித்து மாற்றுவது, மூன்று நாள். அவசரப்பட்டு நேரடியாகச் சூடாக்கினால், கரைப்பான் வெளியேறும் இழுப்பில் மெலிந்த கூடு சரிந்துவிடும்.

இடையில் ஈத்தேனின் அளவு, உள்ளே விட்ட அளவைவிடச் சற்று மேலே போய் இறங்கும். கருவி கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம். முதலில் ஒட்டிய ஈத்தேனை எத்திலீன் பிடுங்கி வெளியே தள்ளுகிறது. நிறை நிறமாலைமானியை வைத்து அளப்பவர்கள் 28 என்ற நிறை எண்ணை நம்பக் கூடாது. எத்திலீன், ஈத்தேன், கசிந்து வரும் நைட்ரஜன் மூன்றும் அங்கேதான் உட்காரும். ஈத்தேனுக்கு 30ஐப் பாருங்கள். எத்திலீனுக்கு 26ஐ எடுத்து, அதில் ஈத்தேனின் பங்கைக் கழியுங்கள். வாயுப் பகுப்பு நிறமானி இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. பிறகு முக்கியமான பாதி: விடுவிக்கும்போது வருவதைச் சேர்த்து அதன் தூய்மையை அளப்பது. கடைசியாக, அதே வாயுவைத் தண்ணீர்க் குடுவை வழியாக விட்டு ஐம்பது சுற்று. கட்டுரையில் போடுவதற்கு அழகான எண் அதில் கிடைக்காது. ஆலையிலிருந்து வருபவர் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார்.

கார்பன் டைஆக்சைடு பிரிப்பில் மாஃப் ஏற்கெனவே டன் கணக்குக்கு வந்துவிட்டது. கனடாவின் கால்கரியில் பிறந்த கால்ஃப்-20, துத்தநாகமும் ஆக்சலேட்டும் டிரையசோலும் சேர்ந்தது. பிடிக்கும் அளவில் அது முதலிடம் அல்ல. ஸ்டீம் பட்டால் கெடாது, மலிவான சரக்கில் செய்யலாம். ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் அதைப் பெரிய அளவில் செய்ததற்குக் காரணம் இவைதான்.

ஹைட்ரோகார்பன் பிரிப்பில் மாஃப் முதலில் நுழையும் இடம் பெரிய கோபுரமாக இருக்காது என்பது எங்கள் கணிப்பு. பாலிபுரொப்பிலீன் ஆலைகளில் நைட்ரஜனோடு வெளியேறும் புரொப்பிலீன் போன்ற சிறிய ஓட்டங்கள் ஓர் இடம். அங்கே 99.5 தேவையில்லை, மீட்டதெல்லாம் லாபம். எத்திலீனில் ஒட்டிக்கொண்டு வரும் அசிட்டிலீனை நீக்குவது இன்னோர் இடம். இப்போது பல்லேடியம் வினையூக்கியில் ஹைட்ரஜன் சேர்த்து அதை எத்திலீனாக்குகிறார்கள். கை சற்று மீறினால் எத்திலீனே ஈத்தேனாகிவிடும். 2016இல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து காட்டிய சிஃப்சிக்ஸ் வகைக் கூடுகள், ஃபுளோரின் அணுக்களால் அசிட்டிலீனின் ஹைட்ரஜனைப் பிடித்து, அதை எத்திலீனிலிருந்து நன்றாகவே பிரிக்கின்றன.

ஆனால் அவற்றில் பேர் பெற்றவை செம்பு கொண்டவை. அசிட்டிலீன் குழாயில் 65 சதவீதத்துக்கு மேல் செம்புள்ள கலவையை வைக்கக் கூடாது, செம்பு அசிட்டிலைடு உருவாகி வெடிக்கும் என்பது வெல்டிங் பட்டறைக்காரருக்கே தெரிந்த விதி. கூட்டுக்குள் இருக்கும் செம்பு வெறும் உலோகமல்ல, உண்மைதான். கூடு ஈரத்தில் சிதைந்த பிறகு அந்தச் செம்பு எந்த வடிவில் நிற்கிறது, படுகையிலிருந்து விடுவிக்கும்போது செறிந்து வரும் அசிட்டிலீனை எந்த அழுத்தத்துக்குள் வைத்திருக்கப் போகிறோம் என்ற இரண்டையும் எழுத்தில் முடிக்காமல், ஒரு கிலோ பொருளைக்கூட ஆலை வாசலுக்குள் விட மாட்டார்கள்.

இப்படிக்கு,
வாயுப் பிரிப்புத் துறையில் பணிபுரியும் வேதிப்பொறியாளர்கள் இருவர்,
மணலி, சென்னை – 68